கள்ளுக் கொட்டிலின் கதை



யாழ்ப்பாண நகரத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்பவர் முதலில் எதிர்ப்படும் பெரிய ஊர்களுள் ஒன்று கொக்குவில். வில் என்பது நீர் தேங்கி நிற்கும் சிறு குளத்திற்குப் பெயர். கொக்குகள் வந்து இரை தேடிய குளக்கரை ஊராகிக் கொக்குவில் என்று பெயர் பெற்றது என்பர். இணுவில், கோண்டாவில், நந்தாவில் என்று அயலிலே வில்லில் முடியும் பெயர்கள் இன்னும் உள. ஆயினும் கொக்குவில்லைப் பற்றிப் பிறவூரார் பேசும்போது முதலில் நினைவுக்கு வந்தது கொக்கும் அன்று, குளமும் அன்று. சுருட்டு. சிவந்த மண்ணிலே புகையிலை விளைந்தது. அப்புகையிலையைப் பதப்படுத்திச் சுருட்டாக்கித் தென்னிலங்கையின் பட்டினங்களுக்கு அனுப்பினார்கள் இவ்வூரார். காலியிலும் கண்டியிலும் குருநாகலிலும் சுருட்டுக்கடை வைத்திருந்த குடும்பங்கள் பல இப்பகுதியின. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்கள் அக்கடைகளுள் பலவற்றை இல்லாமற் செய்தன.

அந்தச் சுருட்டுகள் சுற்றப்பட்ட இடத்திற்குச் 'சுருட்டுக் கொட்டில்' என்று பெயர். ஓலையால் வேய்ந்த நீண்ட கூரையின் கீழே வரிசையாக அமர்ந்து தொழிலாளர் சுருட்டுச் சுற்றுவர். ஒருவர் செய்தித்தாளையோ கதைப்புத்தகத்தையோ உரக்க வாசிப்பார். ஏனையோர் கைவேலை நில்லாமற் கேட்டிருப்பர். வானொலி வருமுன்னரே இந்நாட்டில் வானொலி நேயர் இருந்தார்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கூலிச் சண்டைகளும் அரசியல் வாதங்களும் அக்கொட்டில்களிலேதான் வளர்ந்தன.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது வேறொரு கொட்டிலைப் பற்றி. அதுவும் ஓலைக்கூரைதான், அதிலும் உழைத்துக் களைத்த மனிதர் வரிசையாக அமர்ந்திருந்தார்கள், அங்கும் அரசியல் பேசப்பட்டது. ஆனால் அதன் பெயரை நாலு பெரியவர் கூடிய சபையிலே சொல்ல நம்மவர் கூசுவர். கள்ளுக் கொட்டில் என்றும் தவறணை என்றும் அதனை வழங்குவர். சென்ற நூறாண்டுக்குள் அது பன்முறை மூடப்பட்டது, பன்முறை திறக்கப்பட்டது. மூடினவர்களும் நல்லெண்ணத்தோடுதான் மூடினார்கள். திறந்தவர்களும் நல்லெண்ணத்தோடுதான் திறந்தார்கள். அதனாலேயே அக்கதை கேட்கத்தக்கது என்று எண்ணுகிறேன்.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். தவறணை என்பதைக் கேட்டால் 'தவறு' என்னும் நம் சொல்லோடு ஏதோ உறவுடையது போலத் தோன்றும். மதுவிலக்குப் பிரசாரகர் சிலர் அப்படிச் சொல்லிக் கைதட்டும் வாங்கியிருப்பர். உண்மையில் இது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். அவர்கள் மொழியில் 'தவேர்ணா' என்பது மது விற்கும் இடம். 1619ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண அரசு அவர்கள் கைப்பட்டது. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். ஆட்சி மூன்று கை மாறியும் அச்சொல் நம்மிடையே நிலைத்துவிட்டது. அலுமாரி, கதிரை, சப்பாத்து, பாண் என்பவற்றோடு இதுவும் ஒன்று. கள்ளோ போர்த்துக்கேயர் தந்ததன்று. சங்கப் புலவர் கள்ளைப் பாடியிருக்கின்றனர். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்கின்றார். நாம் இந்த இரண்டு மரபுக்கும் வாரிசுகள். வெளிநாட்டார் கொண்டுவந்தது குடியை அன்று. குடியை ஓரிடத்தில் அடைத்து, அதற்கு வாசல் வைத்து, அவ்வாசலில் வரி வாங்கும் முறையையே ஆம்.

பனைக்கு யாழ்ப்பாணத்தார் வாழ்வில் உள்ள இடத்தை நேயர்களுக்கு விரித்துக் கூற வேண்டுவதில்லை. தாலவிலாசம் என்னும் நூல் பனையின் பயன்கள் 801 என்று கணக்கிட்டதாக வில்லியம் பேர்குசன் என்னும் ஆங்கிலேயர் 1850இல் கொழும்பில் வெளியிட்ட தமது பனைநூலிலே எடுத்துக்காட்டினார். 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலே, ஒருவன் மரம் அயலவன் காணியிற் சாய்ந்தால் அதன் பயன் யாருக்கு என்பது போன்ற வழக்குகளுக்கும் விதி கூறப்பட்டிருக்கிறது. சட்டம் நுழைந்து பார்க்கத்தக்க செல்வமாக மரம் மதிக்கப்பட்ட நாடு இது.

ஆனால் 801 பயன்களுள் ஒன்றை மட்டும் பனை தானாகக் கொடுப்பதில்லை. நுங்கு தானாகக் காய்க்கும். பழம் தானாக விழும். ஓலை தானாக வளரும். கள்ளை ஒரு மனிதன் நாள்தோறும் ஏறிச்சென்று பெறவேண்டும். அந்த வேலையை அறியாதவர்க்குத் தவறணையின் கதை விளங்காது. ஆதலால் அதனைச் சிறிது விரிவாகவே சொல்ல நேயர்கள் எனக்கு இடந்தர வேண்டும்.

ஆண்டின் முற்பாதியிலே பனை பாளை தள்ளும். சீவல் தொழிலாளி காலிலே தளைநாரை மாட்டி, இடையிலே பாளைக்கத்தியைச் செருகி, கிளையில்லாத அந்த நெடுமரத்தை மார்போடு அணைத்து ஏறுவான். வட்டிலே மட்டைகளுக்கிடையில் அமர்ந்து பாளைகளை வரிந்து கட்டுவான். நாள்தோறும் பதமாக நெரித்தும் தட்டியும் கொடுப்பான். அழுத்தம் மிகுந்தாற் பாளை பழுதாகும். குறைந்தாற் சாறு வராது. சில நாள் சென்றபின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, முட்டியைக் கட்டிவிட்டு இறங்குவான். அன்று தொடங்கிக் காலையும் மாலையும் ஏற வேண்டும். ஒரு நாள் தவறினாலும் பாளையின் வாய் காய்ந்துவிடும். காய்ச்சல் என்று படுக்க முடியாது. மழை என்று நிற்க முடியாது. வீட்டிலே சாவு விழுந்தாலும் மரத்துக்கு அது தெரியாது. ஒரு மரமா? பல மரங்கள். ஏறி இறங்கிய உயரங்களைக் கூட்டினால் ஒரு மலையை நாள்தோறும் ஏறியிறங்கியவன் ஆவான்.

முட்டியிலே இறங்கும் சாறு தேன்போல் இனியது. நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை அதில் உண்டு. முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு பூசியிருந்தால் அது புளிப்பதில்லை. அதனைக் கருப்பணி என்போம். காய்ச்சினாற் பனங்கட்டி. சுண்ணாம்பு பூசாவிட்டாலோ, காற்றிலும் முட்டியிலும் உள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையை மதுவாக மாற்றத் தொடங்கிவிடும். மரத்தினின்று இறக்கும்போதே அது கள். அதில் மது ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பங்களவு, அடுத்த நாள் புளித்துப்போம், பின்னர் வினாகிரியாகும். ஆகவே கள் காத்திருக்காத பொருள். சாராயத்தை மிடாவில் அடைத்து ஆண்டுக்கணக்கில் வைக்கலாம், கப்பலேற்றலாம், குத்தகைக்காரன் பூட்டி வைத்து விலையை ஏற்றலாம். கள்ளை இறக்கிய ஊரிலேயே, இறக்கிய நாளிலேயே குடித்தாக வேண்டும். கள்ளுக் கொட்டில் ஊர்தோறும் தோன்றியதற்கு இதுவே காரணம். பெரும் முதலாளிகள் நெடுங்காலம் கள்ளிற் கை வையாமல் சாராயத்திலேயே கண் வைத்திருந்ததற்கும் இதனையே காரணமாகக் கொள்ளலாம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் சாராயம் விற்கும் உரிமை ஆண்டுதோறும் ஏலத்தில் விடப்பட்டது. ஏலத்தில் எடுத்தவர் பலர் அதனாற் செல்வந்தராயினர். இலங்கையின் புதிய முதலாளி வகுப்பு எவ்வாறு இச்சாராயக் குத்தகையினின்று எழுந்தது என்பதைப் பேராசிரியை குமாரி ஜயவர்த்தனா தமது ஆராய்ச்சி நூலிலே விரித்துக் காட்டியிருக்கின்றார். அரசிறையிற் கணிசமான பங்கும் குடிப்பவன் மடியிலிருந்தே வந்தது. அதே காலத்தில் 1816 முதல் யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்த அமெரிக்க மிஷனரிமார் மதுவிலக்கைப் போதித்தனர். ஆறுமுக நாவலர் வழிவந்த சைவர்களும் அவ்விஷயத்தில் அவர்களுக்குச் சளைத்தவர்களல்லர். சமயத்திற் கீரியும் பாம்புமாய் நின்ற இரு சாராரும் கள்ளுமுட்டியைக் கண்டால் ஓரணியில் நின்றார்கள்.

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இக்கதையில் ஒரு திருப்பம். குத்தகை முறையை ஒழுங்கு செய்யப்புகுந்த அரசாங்கம், கள் விற்பனையைச் சாராய விற்பனையினின்று பிரித்து, நாடெங்கும் கள்ளுத் தவறணைகளுக்கு உத்தரவு வழங்கத் தொடங்கிற்று. கள் மென்மையான பானம், அது கிடைத்தாற் சாராயம் குறையும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். நாட்டு மக்கள் கண்டதோ புதிது புதிதாக முளைத்த தவறணைகளை. எதிர்ப்பு எழுந்தது. தென்னிலங்கையிலே மதுவிலக்கு இயக்கம் தேசிய இயக்கத்தின் முதற்படியாயிற்று. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது அதன் தலைவர்களுட் பலரைச் சிறையில் அடைத்தனர்.

பின்னர் உள்ளூர் வாக்கெடுப்பு என்னும் முறை வந்தது. ஓர் ஊரிலே தவறணை வேண்டுமா, வேண்டாவா என்பதை அவ்வூரவரே வாக்களித்துத் தீர்க்கலாம். எல்லார்க்கும் வாக்குரிமை என்பது இந்நாட்டில் 1931இலேதான் வந்தது. அதற்கு முன்னரே, ஊர்ப் பொதுக் காரியம் ஒன்றை வாக்கினால் முடிவு செய்யும் பழக்கத்தை நம்மிற் பலர் தவறணை வாசலிலேதான் கற்றார்கள் என்பது சற்றே விந்தைதான். யாழ்ப்பாணத்திலும் இம்முறையாற் பல தவறணைகள் மூடப்பட்டன. 1927 நவம்பரிலே மாணவர் காங்கிரசின் அழைப்பை ஏற்று யாழ்ப்பாணத்துக்கு வந்த காந்தியடிகள், இலங்கையில் ஆற்றிய உரைகளிலே தீண்டாமையையும் மதுவையும் திரும்பத் திரும்ப எடுத்துரைத்தார். அவ்விரண்டையும் அவர் சேர்த்துச் சொன்னதை நம்மவர் சேர்த்துக் கேட்டார்களா என்பது வேறு வினா. ஒன்றைக் கைதட்டி ஏற்றவர்கள் மற்றதைக் காதில் வாங்காமற் போனதும் உண்டு.

தவறணை மூடிய ஊரிலே பனை பாளை தள்ளுவதை நிறுத்தவில்லை. குடாநாட்டிலே மரவரி முறை நடைமுறைக்கு வந்தது. கள் இறக்குபவன் இன்னின்ன மரம் என்று குறித்து, மரத்துக்கு இவ்வளவு என்று அரசாங்கத்துக்கு வரி செலுத்தினால், அம்மரத்தடியிலே விற்கலாம். தவறணை என்ற கட்டடம் போயிற்று. அதற்குப் பதிலாகச் சீவல் தொழிலாளியின் முற்றமே கொட்டிலாயிற்று. ஒரு பெருவாசலை அடைத்து நூறு படலைகளைத் திறந்த கதை இது. மதுவிலக்குக்காரருக்கு இஃது அரை வெற்றி. மதுவரித் திணைக்களத்துக்குக் கணக்குச் சிக்கல். தொழிலாளிக்கோ, வரிக்காசை முன்னதாகத் தேடிக்கொள்ளும் பாரம். மரம் பெரும்பாலும் அவனுடையதன்று. காணிக்காரனுக்கு மரக்குத்தகை, அரசாங்கத்துக்கு மரவரி, இடையிற் கடன் கொடுத்தவனுக்கு வட்டி. எஞ்சியது ஏறியவனுக்கு.

இங்கே ஒரு செய்தியை ஒளிக்காமற் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணச் சமூகத்திலே மரமேறும் தொழில் சில சாதியார்க்கு விதிக்கப்பட்டிருந்தது. அவர்கள் இறக்கிய கள்ளை எல்லாரும் குடித்தார்கள். அவர்களை எல்லாரும் விலக்கினார்கள். கள்ளைக் குடிக்கப் பனையோலையை மடித்துத் தோணிபோற் செய்த 'பிளா' என்னும் கலம் ஒன்று உண்டு. குடித்தபின் எறிந்துவிடலாம். அழகான பொருள், ஓலையின் மணம் கள்ளோடு சேரும் என்று சுவைஞர் கூறுவர். ஆனால் ஒருவர் குடித்த கலத்தை மற்றவர் தொடாதிருக்கவும் அது வசதியாயிற்று என்பதை மறத்தல் கூடாது. பகலிலே தேநீர்க்கடையில் அவனுக்குத் தனிக்கலம் வைத்தவர், மாலையிலே அவன் முற்றத்தில் அமர்ந்து, அவன் கையாற் பிளாவை வாங்கினார். அவனுக்குக் கோயில் வாசல் அடைத்திருந்தது. அவன் படலை மாத்திரம் எவர்க்கும் திறந்திருந்தது.

1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் ஏட்டில் இருந்தது. தேநீர்க்கடையிலே பழைய வழக்கம் இருந்தது. 1966 அக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கி ஒரு பெரும் ஊர்வலம் புறப்பட்டது. பொலிசார் தடியடி செய்தனர், ஊர்வலம் நிற்கவில்லை. அவ்விரு இடங்களுக்கும் நடுவே, அதே பாதையிலேதான் கொக்குவில் இருக்கிறது. தொடர்ந்து தேநீர்க்கடை நுழைவுப் போராட்டங்களும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த போராட்டமும் நேயர்கள் அறிந்தவை. அப்போராட்டங்களில் முன்னின்றோருள் பனையேறிப் பிழைத்த குடும்பத்தினர் பலர். தேநீர்க்கடையில் ஒரே கலத்திற் குடிக்கும் உரிமைக்காக இரத்தஞ் சிந்தியவர்கள், கள்ளுக் கொட்டிலிற் கலம் கொடுத்துக் களைத்தவர்களே. எழுத்தாளர் கே. டானியல் இவ்வாழ்வைத் தமது 'பஞ்சமர்' நாவலில் எழுதிவைத்தார்.

இப்பின்னணியிலேதான் தவறணை மீண்டும் திறந்தது. 1970களின் தொடக்கத்தில் மரவரி முறை நீங்கிற்று. சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்தனர். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் என்பது அவற்றின் பெயர். நீண்ட பெயர்தான், ஊரவர் 'சங்கம்' என்று சுருக்கிக்கொண்டனர். தொழிலாளி இறக்கிய கள்ளைச் சங்கத்துத் தவறணைக்குக் கொண்டுவருவான், அளந்து எழுதிக்கொள்வர், விலை குறித்தபடி கிடைக்கும். முன்பு அரசாங்கம் உத்தரவு கொடுக்கக் குத்தகைக்காரன் திறந்த தவறணையை, இப்போது மரமேறியவனே பங்காளனாய் நின்று திறந்தான். 1912ஆம் ஆண்டுத் தவறணைக்கும் இதற்கும் பெயர் ஒன்றே; பொருள் வேறு.

இம்மாற்றத்தை எல்லாரும் வாழ்த்தி வரவேற்றனர் என்று சொல்ல முடியாது. முற்றத்து வியாபாரம் போனதில் வருந்திய தொழிலாளர் இருந்தனர். அங்கே கையிலே காசு உடனே விழும், சங்கத்திலே கணக்கெழுத வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு அருகே தவறணை கூடாது, கோயில் வீதியிற் கூடாது என்று முறையிட்டவர்களும் இருந்தனர். அவர்கள் முறையீட்டிலே நியாயமும் இருந்தது. எனினும் முற்றத்துக் குடிக்கும் தவறணைக் குடிக்கும் ஒரு வேற்றுமை உண்டு. தவறணைக்குத் திறக்கும் நேரம் உண்டு. மூடும் நேரமும் உண்டு. குடிகாரனுடைய மனைவி எங்கே போய்த் தேடவேண்டும் என்பதும் ஊருக்குத் தெரியும். சிறு செய்திபோலத் தோன்றும் இது, வீட்டில் விளக்கை ஏற்றிவைத்துக் காத்திருந்தவர்களுக்குச் சிறிதன்று.

1978ஆம் ஆண்டிலே பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. கள் மிகும் பருவத்தில் எஞ்சுவதை வடித்துச் சாராயமாக்க வடமராட்சியிலே திக்கம் வடிசாலை எழுந்தது. போத்தலிலே கள்ளை அடைத்துக் கெடாமற் காக்கும் முயற்சியும் நடந்தது. காத்திருக்காத பொருளைக் காத்திருக்கச் செய்த வித்தை அது. கடல் கடந்த நாடுகளில் வாழும் நம்மவர் அப்போத்தலைத் திறந்து ஊரை நினைத்துக்கொண்டார்கள். கொட்டிலில் அருந்தியவர்க்கு அது கள்ளின் நிழற்படம் போலத்தான் இருந்திருக்கும். ஆயினும் நிழற்படமும் வேண்டியவர்க்கு வேண்டியதே.

பின்னர்ப் போர் வந்தது. அதன் வரலாற்றை ஈண்டு விரித்தல் இயலாது. கொக்குவில்லிலே 1987 அக்டோபரில் நிகழ்ந்தவற்றை அவ்வூரார் இன்றும் குரல் தாழ்த்தியே பேசுவர். 1910ஆம் ஆண்டிலே தோன்றிய கொக்குவில் இந்துக் கல்லூரி அப்போது அகதிகள் தங்கிய இடமாயிருந்தது; அங்கும் எறிகணை விழுந்து உயிர்கள் மாண்டன. 1990இலே புகைவண்டி நின்றது. பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில் சீனி அருமையாயிற்று. தேநீரைப் பனங்கட்டியைக் கடித்துக் குடித்தார்கள். அந்நாட்களிலே பனை மீண்டும் கற்பகதருவாயிற்று. அதே பனையைத் தறித்துக் காப்பரண் கட்டியவர்களும் இருந்தனர். எறிகணையால் தலையிழந்து கம்பமாய் நின்ற பனைகளும் எண்ணிலடங்கா. ஊரடங்கு நிலவும் ஊரிலே விடியுமுன் மரமேறல் ஆகுமா? துப்பாக்கியோடு காவல் நிற்பவன் கண்ணுக்கு, வட்டிலே அசையும் ஓர் உருவம் சீவல் தொழிலாளியாய்த் தோன்றும் என்பதற்கு யார் உறுதி சொல்வது? இரு வேளை ஏறவேண்டிய மரத்தில் ஒரு வேளையும் ஏற முடியாதபோது பாளை காய்ந்தது; பாளை காய்ந்தபோது தவறணை வெறிச்சோடியது.

1995 அக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் அனைவரும் வீடுவாசலை விட்டு ஓரிரவில் வெளியேறினர். கொக்குவில்லும் வெறுமையாயிற்று. ஏறக்குறைய ஆறு மாதங்கள் சென்றபின், 1996 ஏப்ரலை அடுத்துத் திரும்பி வந்தவர்கள் கல்வீடுகளைக் கண்டார்கள்; கூரையில்லாத வீடுகளையும் கண்டார்கள். ஓலைக் கொட்டில்களை எங்கே காண்பது? ஒரு மாரிக்கு வேயாமல் விட்டால் ஓலைக்கூரை மண்ணாய்ப் போய்விடும். கல்லும் சுண்ணாம்பும் இடிந்தாலும் அடையாளம் காட்டும். ஓலை அடையாளமும் வையாது.

இடிந்த கட்டடத்தைப் புதுக்குவது எவ்வாறு என்பதை நாம் அண்மைக்காலத்திலே நிறையக் கண்டிருக்கின்றோம். 1981இலே எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் மீண்டும் எழுந்தது. ஒல்லாந்தர் கட்டிய கோட்டை 2009க்குப் பின்னர்ப் புதுக்கப்படலாயிற்று. புகைவண்டி 2014 அக்டோபரிலே மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2015 சனவரியிற் காங்கேசன்துறை வரை ஓடிற்று. கொக்குவில் நிலையத்திலும் மணி ஒலித்தது. இவற்றுக்கெல்லாம் படங்கள் இருந்தன, அளவுகள் இருந்தன, திறப்புவிழாக்கள் இருந்தன. கள்ளுக் கொட்டிலைப் புதுக்குவோர்க்கு யாதொரு படமும் இல்லை. அது முன்னரும் ஆண்டுதோறும் புதுக்கப்பட்டு வந்ததேயாம். நாலு பனங்குற்றியை நட்டுக் கைமரம் ஏற்றிக் கிடுகையோ பனையோலையையோ வேய்ந்தால் ஒரு பகலிலே கொட்டில் எழுந்துவிடும். எழும்பாதது வேறு. சீவக்கூடிய மரம் எஞ்சியிருக்க வேண்டும்; ஏறத் தெரிந்த கை எஞ்சியிருக்க வேண்டும்; அளந்து எழுதும் கணக்கை இருவரும் நம்ப வேண்டும். இம்மூன்றும் திரும்பிய ஊர்களில் தவறணைகள் திரும்பின. அழைப்பிதழும் மங்கல விளக்கும் இன்றி, ஒரு நாட் காலையிலே முட்டிகள் வந்து இறங்கின, அவ்வளவே திறப்புவிழா.

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களிலும் இதற்கு ஒப்பான ஒரு நிகழ்ச்சி நடைபெற்று வருகின்றது. அங்கே ஊர்தோறும் பழைய மதுச்சாலைகள் உள, பப் என்பர். வருவாய் குன்றி அவை ஒவ்வொன்றாய் மூடப்பட, ஊரவர் பங்குசேர்த்து அவற்றை வாங்கிப் பழைய மரத்தூண்களையும் அடுப்படியையும் பழுதுபார்த்து மீளத் திறக்கின்றனர். ஊருக்குப் பயன்படும் கட்டடம் விலைக்கு வரும்போது, அதனை வாங்க முயல ஊரவர்க்குக் கால அவகாசம் வழங்கும் சட்டமும் 2011இலே அந்நாட்டில் நிறைவேறியது. ஊரார் கூடிப்பேச ஓரிடம் இல்லாமற் போவதே அவர்கள் கவலை. மது அதற்கு அடுத்தபடி. நம்நாட்டுக் கூட்டுறவுத் தவறணையோடு ஒப்பிட்டால் ஒரு வேற்றுமை தெளிவாகும். அங்கே சங்கமாய்ச் சேர்ந்தவர் குடிப்பவர். இங்கே சங்கமாய்ச் சேர்ந்தவர் இறக்குபவர். எது மேல் என்று கேட்டால், இறக்குபவன் பக்கமே நான் நிற்பேன்.

பாக்கு நீரிணைக்கு அப்பாலே நிலைமை வேறு. தமிழ்நாட்டிலே பனை மாநில மரம். ஆனால் 1987 சனவரி 1ஆம் நாள் முதல் அங்கே கள் இறக்குதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. போத்தற் சாராயத்தை அரசாங்கமே விற்க, மரத்துக் கள் குற்றமாகிய புதுமையை அங்குள்ள பனைத் தொழிலாளர் எடுத்துச்சொல்லி வருகின்றனர். அதற்கும் அப்பாலே கேரளத்திலோ கள்ளுக்கடை மீன்கறிக்குப் பேர்போன உணவுச்சாலையாகவே வளர்ந்துவிட்டது.

நம்நாட்டில் 2009க்குப் பின்னர்த் தவறணைக்கு வந்த இடர் சட்டத்தால் வந்ததன்று. ஏ-9 வீதி திறந்தது. தென்னிலங்கையின் போத்தல்களும் பியர் தகரங்களும் லொறி லொறியாய் வந்தன. குளிரூட்டிய கண்ணாடிப் பெட்டியிலே அவை மின்னும்போது ஓலைக் கொட்டிலில் அமர இளைஞர் நாணினர். மற்றொரு பக்கம் 'கசிப்பு' என்னும் கள்ளச்சாராயம். அதனைக் காய்ச்சுவோர்க்கு மரமும் வேண்டா, மரமேறுதலும் வேண்டா, சங்கமும் வேண்டா. தவறணையை மூடச்சொல்லி மனுக்கொடுக்கும் ஊர்களிலே நான் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றே: மூடிய பின் அவர்கள் எங்கே போவார்கள்? கேள்வி கேட்பதனாற் குடியை நான் ஆதரிப்பதாக எவரும் எண்ண வேண்டா. கள்ளினாலும் குடும்பங்கள் அழிந்திருக்கின்றன. தொழிலாளியின் நாட்கூலி முழுதும் பிளாவிலே கரைந்த வீடுகளை யாழ்ப்பாணத்தார் யாவரும் அறிவர்; அவ்வீட்டுப் பெண்களின் வழக்கைத் தள்ளிவைத்துவிட்டு மரபு, மரபு என்று பேசுவது நேர்மையாகாது. 1920களிலே வாக்கெடுப்பு வேண்டி நின்றவர்களின் மனத்திலும் அவ்வீடுகளே இருந்திருக்கும்.

மரம் உண்டு, கேட்பார் உண்டு, ஏறுவார் இல்லை என்பதே இப்போது சங்கங்களின் பெருங்கவலை. தந்தை ஏறினான்; மகன் படித்தான்; உத்தியோகம் பார்க்கிறான், அல்லது கடல் கடந்து போய்விட்டான். அதிலே குறை காண எவருக்கு உரிமை உண்டு? எந்தத் தொழிலால் தன் குலம் இழிவுபடுத்தப்பட்டதோ, அந்தத் தொழிலை விட்டு ஒருவன் வெளியேறியது அவன் வெற்றி. அவனுடைய மரபுக்கலை அழிகின்றதே என்று, ஒருநாளும் மரமேறாதவர் கண்ணீர் வடிப்பது எனக்குச் சிறிது வேடிக்கையாகவே படுகின்றது. கைதடியிலே பனை ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. ஏறுவதற்குப் பொறிகளும் செய்து பார்க்கிறார்கள். கூலி உயர்ந்து, காப்புறுதி வந்து, ஏறுபவனை எவரும் தாழ்த்திப் பேசாத நிலை வந்தால், யார் மகனும் ஏறலாம். சாதி பார்த்து ஏறிய மரத்தை, தொழில் பார்த்து ஏறும் காலம் அது.

சென்ற பருவத்திலே குடாநாட்டுத் தவறணை ஒன்றின் முன்னே சிறிது நேரம் நின்றேன். கூரை தகரமாகியிருந்தது, தரை சீமெந்து. சுவரிலே விலைப்பட்டியல், சங்கத்தின் முத்திரையோடு தொங்கிற்று. நண்பகலுக்குச் சற்று முன் துவிச்சக்கரவண்டிகளில் முட்டிகளும் கலன்களும் வந்தன. உள்ளே வாங்கில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் பிளா கேட்டார். இல்லை என்றார்கள், குருத்தோலை வெட்டிக் கொடுப்பவர் இப்போது வருவதில்லையாம். பிளாஸ்ரிக் குவளை ஒன்றை நீட்டினார்கள். அவர் அதனை வாங்கிச் சற்று நேரம் கையிலே வைத்துப் பார்த்தார், பின்பு குடித்தார். பக்கத்தில் இருந்தவர் அதே குவளையைக் கழுவாமலே வாங்கித் தமக்கும் ஊற்றிக்கொண்டார்.